கடலூர் மாணவர் மூளை மருந்து ஆய்வுக்குள் நுழைவது எப்படி?

கடலூரில் வேதியியல் படிக்கும் மாணவரிடம் மருந்துத் துறை என்று சொன்னால், அவர் நினைவுக்கு முதலில் வருவது சிதம்பரம் சாலையில் உள்ள சிப்காட் வளாகம்தான். அங்குள்ள ஆலைகளில் நடப்பது மதிப்புமிக்க வேலை. மருந்து என்று ஏற்கெனவே நிரூபணமான ஒரு பொருளைத் தரம் மாறாமல், செலவைக் குறைத்து, கிலோ கணக்கிலும் டன் கணக்கிலும் அங்கே தயாரிக்கிறார்கள். இந்தக் கட்டுரை பேசப்போகும் மருந்து வேதியியலாளரின் வேலை அதற்கு வெகு முன்பே தொடங்கிவிடுகிறது. இதுவரை யாரும் செய்திராத ஒரு மூலக்கூறை இருபது, முப்பது மில்லிகிராம் அளவில் செய்து, அது ஒரு நோய்க்கு உதவுமா என்று சோதிக்க உயிரியலாளரிடம் கொடுத்து, வந்த விடையை வைத்து அடுத்த மூலக்கூறை வரைவது அவருடைய தொழில். நோய் பார்க்கின்சன், அல்சைமர், வலிப்பு, மனச்சிதைவு போன்ற மூளை நோயாக இருந்தால், இந்தத் தொழிலின் கடினம் ஒரு மடங்கு கூடுகிறது. ஏன் என்பதைப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன்.

நான் பள்ளிப் படிப்பையும் இளநிலைப் பட்டத்தையும் கடலூரில் முடித்துவிட்டு, வெளியூர் ஆய்வகங்களில் மூளை நோய்களுக்கான மூலக்கூறுகளைச் செய்துவந்தவன். முதல் சில ஆண்டுகளில், ஒரு மூலக்கூறை எப்படிச் செய்வது என்ற கேள்வி மட்டுமே எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. அதை ஏன் செய்ய வேண்டும், செய்யாமல் விட்டால் என்ன குறைந்துவிடும் என்று கேட்கப் பழகியது வெகு தாமதமாகத்தான். செய்யத் தெரிந்த கைகள் நம் ஊரில் ஏராளம். எதைச் செய்ய வேண்டாம் என்று முன்கூட்டியே காரணத்தோடு சொல்லத் தெரிந்தவர்களுக்குத்தான் இந்தத் துறையில் பஞ்சம். கீழே வரும் யோசனைகள் எல்லாம் அந்தத் திறமையை இளமையிலேயே வளர்த்துக்கொள்வதற்கானவை.

முதலில் பட்டம்

பட்டத்தைப் பற்றி வீட்டில் நடக்கும் விவாதம் நீளமாக இருக்கும். அதைப் பற்றி நான் சொல்ல வேண்டியது குறைவு. ஒரு வழி வேதியியல் வழி. கடலூரில் பெரியார் அரசு கலைக் கல்லூரியிலோ புனித வளனார் கல்லூரியிலோ, புதுச்சேரியில் தாகூர் அரசு கலைக் கல்லூரியிலோ பி.எஸ்சி. படித்துவிட்டு, எம்.எஸ்சி.க்குக் காலாப்பட்டில் உள்ள புதுவைப் பல்கலைக்கழகத்துக்கோ சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்கோ போகலாம். ஜாம் தேர்வு எழுதி ஐ.ஐ.டி. ஒன்றுக்கும் போகலாம். மற்றொன்று பார்மசி வழி. பி.பார்ம். முடித்து, ஜிபேட் தேர்வையும் நைபர் நுழைவுத் தேர்வையும் எழுதி, மொகாலியிலோ ஐதராபாத்திலோ உள்ள நைபர் என்ற தேசிய மருந்துக் கல்வி நிறுவனத்தில் மருந்து வேதியியலில் முதுநிலை படிக்கலாம். வேதியியல் வழியில் வருபவருக்குக் கை வலுவாக இருக்கும், ஆனால் உடலுக்குள் மருந்து என்ன ஆகிறது என்று தெரியாது. பார்மசி வழியில் வருபவருக்கு அது தெரியும், ஆனால் வினைவழிமுறையில் எலக்ட்ரான் அம்புகளைப் போடச் சொன்னால் தடுமாறுவார். எந்த வழியில் வந்தாலும் மற்றவருடைய பாடத்தை முதுநிலை முடியும் முன் சொந்தமாகப் படித்துவிட வேண்டும். என்.பி.டெல். (NPTEL) இணையத் தளத்தில் இரண்டுக்கும் இலவசப் பாடங்கள் கிடைக்கின்றன. என் சொந்தச் சாய்வைக் கேட்டால், கரிம வேதியியலை முதலில் ஆழமாகப் படித்துவிட்டு மருந்தியலைப் பின்னர் சேர்த்துக்கொள்வது எளிது என்பேன்; இதை ஒப்புக்கொள்ளாத நல்ல ஆய்வாளர்களும் உண்டு.

மூளையின் வாசல்

மூளை மருந்து ஆய்வைப் பிற மருந்து ஆய்விலிருந்து பிரித்துக் காட்டுவது இரத்த–மூளைத் தடை. மூளைக்குள் ஓடும் நுண்குழாய்களின் உட்சுவர்ச் செல்கள், உடலின் பிற இடங்களில் உள்ளவற்றைப் போல இடைவெளி விட்டு நிற்பதில்லை. இறுக்கமான இணைப்புகளால் ஒன்றோடொன்று சேர்த்துத் தைத்ததுபோல் நிற்கின்றன. செல்களுக்கு நடுவே நழுவிச் செல்ல வழியில்லாத மூலக்கூறு, செல் சவ்வின் கொழுப்புப் படலத்தில் கரைந்து உள்ளே போக வேண்டும். இல்லாவிட்டால் ஊட்டப் பொருள்களைக் கடத்தும் புரதம் ஒன்றில் தொற்றிக்கொண்டு போக வேண்டும். அப்படிச் சவ்வுக்குள் நுழைந்துவிட்டாலும், பி-கிளைக்கோபுரோட்டீன் என்ற வெளியேற்றும் புரதம் அதைப் பிடித்து இரத்தத்துக்கே திருப்பித் தள்ளிவிடலாம். புதுச்சேரியிலிருந்து பேருந்தில் வரும்போது ஆல்பேட்டை சோதனைச் சாவடியைப் பார்த்தவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை: பேருந்து ஊருக்குள் வந்துவிடும், பையில் பாட்டில் வைத்திருந்தவர் மட்டும் இறக்கப்படுவார்.

இதைப் படித்து மனப்பாடம் செய்வதைவிட, வீட்டு மருந்துப் பெட்டியைத் திறந்து கற்றுக்கொள்வது நல்லது. சளிக்குக் கொடுக்கும் சி.பி.எம். மாத்திரை தூக்கத்தை வரவழைக்கிறது, ஏனெனில் குளோர்பெனிரமின் எளிதில் மூளைக்குள் போய் அங்குள்ள ஹிஸ்டமின் ஏற்பிகளை, அதாவது ஹிஸ்டமின் வந்து பற்றும் புரதங்களை, தடுக்கிறது. அரிப்புக்குக் கொடுக்கும் ஹைட்ராக்சிசினும் அப்படித்தான். ஆனால் அந்த ஹைட்ராக்சிசின் உடலில் ஆக்சிகரணம் அடையும்போது, அதன் முனையில் உள்ள ஆல்கஹால் தொகுதி கார்பாக்சிலிக் அமிலமாக மாறி, செடிரிசின் கிடைக்கிறது. அமிலமும் அமினும் ஒரே மூலக்கூறில் மின்சுமையோடு இருப்பதாலும், வெளியேற்றும் புரதம் அதைப் பிடித்துவிடுவதாலும், செடிரிசின் மூளைக்குள் மிகக் குறைவாகவே போகிறது. தூக்கமும் அந்த அளவுக்குக் குறைகிறது. ஒரே ஒரு தொகுதியின் மாற்றத்தால் வந்த வேறுபாடு இது. வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் லோபரமைடு மார்ஃபின் பற்றும் அதே வகை ஏற்பியைப் பற்றும் மூலக்கூறு என்பதையும், வழக்கமான அளவில் அது போதை தராததற்கு அதே வெளியேற்றும் புரதம் முக்கியக் காரணம் என்பதையும் அறிந்த மாணவர், அடுத்த முறை ஒரு கட்டமைப்பை வேறு கண்ணோடு பார்ப்பார்.

இப்போது எண்களுக்கு வரலாம். வாய்வழி மருந்துகளுக்காக லிபின்ஸ்கி 1997-ல் வெளியிட்ட ஐந்தின் விதி, மூலக்கூறு எடை 500-க்கு மேல் போகக் கூடாது, ஹைட்ரஜன் பிணைப்புக் கொடுப்பான்கள் (O–H, N–H போன்றவை) 5-ஐத் தாண்டக் கூடாது என்றெல்லாம் சொன்னது. மூளைக்கு இந்த எல்லைகள் இன்னும் இறுகுகின்றன. எடை 450-க்குள்ளும், மூலக்கூறின் முனைவுள்ள பகுதியின் அளவான முனைவுப் பரப்பு 90 சதுர ஆங்ஸ்ட்ராமுக்குள்ளும், கொடுப்பான்கள் இரண்டு அல்லது மூன்றுக்குள்ளும், கொழுப்பு நாட்டத்தைக் குறிக்கும் லாக் பி மதிப்பு 2-க்கும் 4-க்கும் இடையிலும் இருப்பது நல்லது என்பது பொதுவான அனுபவம். ஃபைசர் நிறுவனத்தின் வேதியியலாளர்கள் 2010-ல் ஆறு பண்புகளைச் சேர்த்து, பூஜ்யத்திலிருந்து ஆறு வரையிலான ஒரு மதிப்பெண் முறையை வெளியிட்டார்கள். நான்கு அல்லது அதற்கு மேல் பெறும் மூலக்கூறுகளே தொடர்ந்து பார்க்கத் தகுந்தவை என்பது அதன் சாரம்.

இந்த எண்களை வேதவாக்காக எடுத்துக்கொள்ளாமல் இருக்க ஒரு பயிற்சி உண்டு. எம்.எஸ்சி. முதலாண்டிலேயே இதைச் செய்யுங்கள். மூளையில் செயல்படும் மருந்துகள் இருபதையும், மூளைக்குள் போகாத மருந்துகள் இருபதையும் தேர்ந்தெடுங்கள். அவற்றின் கட்டமைப்புகளைப் பப்கெம் தளத்திலிருந்து எடுத்து, சுவிஸ்ஏடிஎம்இ என்ற இலவசத் தளத்தில் இட்டு, மேற்சொன்ன பண்புகளைக் கணக்கிட்டு ஒரு அட்டவணையில் எழுதுங்கள். பைதான் தெரிந்தவர்கள் ஆர்.டி.கிட் மென்பொருளில் செய்துகொள்ளலாம். பெரும்பாலானவை எதிர்பார்த்த இடத்தில் விழும். விதியை மீறி நிற்கும் நான்கைந்து மருந்துகள்தான் உங்களுக்குப் பாடம். ஒவ்வொன்றும் ஏன் மீறுகிறது என்று தேடிப் பார்க்க ஒரு மாதம் ஆகும். அந்த மாதம் வீண்போகாது.

அப்படி மீறும் மருந்துகளில் முதன்மையானது லெவோடோபா. பார்க்கின்சன் நோயில் மூளையில் டோபமைன் என்ற நரம்புக் கடத்தி குறைகிறது. ஆனால் டோபமைனையே கொடுத்தால் அது தடையைத் தாண்டுவதில்லை. அதன் முன்னோடியான லெவோடோபா ஓர் அமினோ அமிலம் என்பதால், அமினோ அமிலங்களைக் கடத்தும் புரதத்தின் வழியாக உள்ளே போய், அங்கே டோபமைனாக மாறுகிறது. வெளியிலேயே அது மாறி வீணாகாமல் தடுக்கக் கூடவே கார்பிடோபாவைக் கொடுக்கிறார்கள். கார்பிடோபா மூளைக்குள் போகாத மூலக்கூறு. போகாமல் இருப்பதுதான் அதன் பயன். உள்ளே போக வேண்டியதையும் வெளியே நிற்க வேண்டியதையும் ஒரே மாத்திரையில் சேர்த்த இந்த ஏற்பாட்டைவிடத் தெளிவாக இந்தத் துறையைக் கற்பிக்கும் வேறொரு எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

நான் செய்த ஒரு பிழையையும் இங்கே பதிவு செய்கிறேன். ஒரு ஏற்பியைத் தடுக்கும் மூலக்கூறு வரிசையில், மூளைக்குள் அளவு போதவில்லை என்று கண்டதும், நான் கொழுப்பு நாட்டத்தைக் கூட்டிக்கொண்டே போனேன். இங்கே ஒரு குளோரின், அங்கே ஒரு டிரைஃப்ளூரோமெத்தில் என்று நாற்பதுக்கும் மேற்பட்ட மூலக்கூறுகள் பிறந்தன. மூளைக்கும் இரத்தப் பிளாஸ்மாவுக்கும் இடையிலான விகிதம் ஒன்றிலிருந்து எட்டுக்கு ஏறியபோது எங்கள் குழு மகிழ்ந்தது. எலியிடம் எந்த விளைவும் இல்லை. பிறகு, கட்டுறாத அளவை, அதாவது எதிலும் ஒட்டாமல் தனித்திருக்கும் மருந்தின் அளவை, அளக்கச் சொன்ன ஒரு மூத்த உயிரியலாளரால் உண்மை தெரிந்தது: மூளைக்குள் போனதில் நூற்றில் ஒரு பங்குகூடக் கட்டுறாமல் இல்லை, மீதி எல்லாம் மூளையின் கொழுப்பில் ஒட்டிக்கொண்டு சும்மா கிடந்தது. ஏற்பியைத் தொடுவது கட்டுறாத பங்கு மட்டுமே. எனவே மொத்த விகிதம் என்ற ஒற்றை எண்ணை யாராவது பெருமையாகக் காட்டினால், கட்டுறாத அளவுகளின் விகிதம் என்ன என்று கேட்கப் பழகுங்கள். கூடுதல் கொழுப்பு நாட்டமும் வலுவான அமினும் சேர்ந்தால் இதயச் செல்களில் பொட்டாசியத்தைக் கடத்தும் ஹெர்க் என்ற வாயிலைத் தடுக்கும் ஆபத்தும் கூடுகிறது. டெர்ஃபெனடின் என்ற ஒவ்வாமை மருந்து இதயத் துடிப்பைக் குலைத்ததால் 1990-களின் இறுதியில் அமெரிக்கச் சந்தையை விட்டு விலக்கப்பட்டதற்குப் பின்னால் இருந்தது அந்த வாயில்தான்.

மூலிகையும் கணினியும்

நம் பகுதிக் கல்லூரிகளில் இந்தத் துறையின் பெயரால் நடக்கும் திட்டப்பணிகளில் பெரும்பாலானவை இரண்டே வகை. ஒன்று, ஒரு மூலிகைச் சாற்றை எடுத்து அதில் உள்ளவற்றைப் பட்டியலிடுவது. மற்றொன்று, அந்தப் பட்டியலைக் கணினியில் ஒரு புரதத்தோடு பொருத்தி, கிடைத்த மதிப்பெண்ணை அல்சைமருக்கான கண்டுபிடிப்பு என்று எழுதுவது. இரண்டையும் நான் இகழவில்லை. மூலிகையிலிருந்து மூளை அறிவியல் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்கு இந்திய மண்ணிலேயே சான்று இருக்கிறது.

சர்ப்பகந்தா வேர் மனக்கொந்தளிப்புக்கும் தூக்கமின்மைக்கும் நெடுங்காலமாக நம் நாட்டில் வழங்கிவந்தது. பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வகீல் உயர் இரத்த அழுத்தத்தில் அதன் பயனை 1949-ல் பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் வெளியிட்டார். 1952-ல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனத்தில் அந்த வேரிலிருந்து ரெசர்பின் என்ற தூய மூலக்கூறு பிரிக்கப்பட்டது. தூய பொருள் கையில் கிடைத்த பிறகுதான் கூர்மையான கேள்விகளைக் கேட்க முடிந்தது. ரெசர்பின் நரம்பணுக்களின் சேமிப்புப் பைகளில் இருக்கும் டோபமைன் போன்ற கடத்திகளைக் காலியாக்குகிறது என்று தெரிந்தது. ஸ்வீடனைச் சேர்ந்த ஆர்விட் கார்ல்சன், ரெசர்பின் கொடுத்து அசைவற்றுப்போன முயல்களுக்கு லெவோடோபா தர, அவை மீண்டும் நடமாடின. 1957-ல் வெளியான அந்த ஆய்வின் தொடர்ச்சியாக டோபமைனைப் பற்றி அவர் செய்த பணிக்கு 2000-ஆம் ஆண்டின் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. மேலே சொன்ன பார்க்கின்சன் சிகிச்சைக்கான பாதை இந்த முயல்களின் வழியாகத்தான் போகிறது. வேரோடு நின்றிருந்தால் இந்த வரலாறு நடந்திருக்காது என்பதைத் திட்டப்பணி எழுதும் மாணவர் கவனிக்க வேண்டும்: தூய மூலக்கூறு, தெரிந்த இலக்கு, உயிருள்ள விலங்கில் விளைவு ஆகிய மூன்றும் தேவைப்பட்டன.

மஞ்சளின் குர்குமினை எடுத்துக்கொள்ளுங்கள். அது ஆய்வுக்கூடச் சோதனைகள் பலவற்றில் பொய்யான நேர்மறை விடை தரும் மூலக்கூறு என்றும், உடல் நிலைமைகளில் எளிதில் சிதையக்கூடியது என்றும், 2017-ல் மருந்து வேதியியலின் முன்னணி இதழ் ஒன்றில் ஒரு நீண்ட ஆய்வுக் கட்டுரை காரணங்களோடு எழுதியது. நிறம் உள்ளவை, உலோக அயனிகளைப் பிடிப்பவை, புரதங்களோடு கண்டபடி வினைபுரிபவை ஆகிய மூலக்கூறுகள் சோதனைக் கருவியையே ஏமாற்றிவிடும். அவற்றை அடையாளம் காட்டும் கட்டமைப்பு வடிகட்டிகள் 2010-லிருந்து எல்லோருக்கும் கிடைக்கின்றன. அதேபோலக் கணினிப் பொருத்தத்தின் மதிப்பெண்ணை ஒரு கருதுகோளாக மட்டும் பாருங்கள். உங்கள் திட்டப்பணி கணினியோடு முடிந்தே ஆக வேண்டும் என்றால், செயல்படாதவை என்று ஏற்கெனவே தெரிந்த மூலக்கூறுகளையும் அதே முறையில் பொருத்திப் பாருங்கள். அவையும் உயர்ந்த மதிப்பெண் பெறுகின்றன என்றால் அதை அப்படியே எழுதுங்கள். நேர்முகத் தேர்வில் என் எதிரில் உட்கார்ந்தவர்களில், அந்த ஒரு பத்தியை எழுதியிருந்த மாணவர்களை நான் மறந்ததில்லை.

முனைவர் பட்டம்

சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வில் வேதியியல் பாடத்தில் இளநிலை ஆய்வு உதவித்தொகை பெறுவதே பெரும்பாலோர் போகும் வழி. 2023 ஜனவரி முதல் அந்தத் தொகை மாதம் 37,000 ரூபாய். இரண்டு ஆண்டுகள் கழிந்து முதுநிலை ஆய்வாளர் நிலைக்கு உயர்ந்தால் 42,000 ரூபாய். வீட்டு வாடகைப் படி தனி. பட்டம் கிடைக்க ஐந்து ஆண்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். நிலையான வேலை முப்பது வயதை ஒட்டித்தான் வரும். இதை முதல் நாளே வீட்டில் வெளிப்படையாகச் சொல்லிவிடுவது நல்லது. தங்கையின் திருமணம், வீட்டுக் கடன் என்று கணக்குப் போடும் குடும்பத்துக்கு, நடுவழியில் தெரியவரும் செய்தி முதலில் தெரிந்ததைவிடக் கசப்பானது.

எங்கே சேர்வது என்ற கேள்விக்கு நிறுவனத்தின் பெயரைவிட நெறியாளரின் வேலைமுறைதான் விடை. லக்னோவில் 1951-ல் தொடங்கப்பட்ட மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனத்தில், நித்யா ஆனந்த் போன்ற மருந்து வேதியியலாளர்கள் செய்த பணியிலிருந்து சென்ட்குரோமன் என்ற கருத்தடை மருந்து கிடைத்தது. வேதியியலாளரும் உயிரியலாளரும் ஒரே கூரையின் கீழ் இருக்கும் வசதி அங்கே உண்டு. ஐதராபாத்தின் இந்திய வேதியியல் தொழில்நுட்ப நிறுவனம், நைபர் நிறுவனங்கள், பெங்களூரின் இந்திய அறிவியல் கழகம் ஆகியவையும் பார்க்கத் தக்கவை. விண்ணப்பிக்கும் முன் அந்த ஆய்வகத்தின் கடைசிப் பத்துக் கட்டுரைகளை எடுத்து வைத்துக்கொண்டு சில கேள்விகளுக்கு விடை தேடுங்கள். மூலக்கூறுகளைச் சோதிப்பவர் யார்? அந்த உயிரியலாளரின் பெயர் ஒரே கட்டுரையில் மட்டும் வருகிறதா, தொடர்ந்து வருகிறதா? முதல் சுற்றுச் சோதனையின் விடைக்குப் பிறகு இரண்டாம் சுற்று மூலக்கூறுகள் செய்யப்பட்டனவா, அல்லது முப்பது மூலக்கூறுகளைச் செய்து ஒரே முறை சோதித்துக் கதையை முடித்துவிட்டார்களா? இரண்டாம் சுற்று இல்லாத ஆய்வகத்தில் மூலக்கூறுகளைச் செய்யும் தொகுப்பு வேதியியலை நன்றாகக் கற்கலாம்; ஆனால் எதை விடுவது என்ற பாடம் அங்கே கிடைக்காது. பழைய மாணவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று அவர்களிடமே கேளுங்கள். நெறியாளரிடம் கேட்டால் நல்லது மட்டும்தான் வரும்.

நெறியாளருக்கு எழுதும் மின்னஞ்சலில் தங்கள் உலகப் புகழ் பெற்ற ஆய்வகம் என்று தொடங்க வேண்டாம். அவருடைய ஒரு கட்டுரையில் உள்ள ஒரு மூலக்கூறைக் குறிப்பிட்டு, அதன் முனைவுப் பரப்பு அதிகமாக இருந்தும் மூளைக்குள் போனது எப்படி என்பது போன்ற ஓர் உண்மையான சந்தேகத்தை இரண்டு வரியில் எழுதினால் போதும்.

முனைவர் பட்டக் காலத்தில் கைவேலையைக் குறைத்து மதிக்க வேண்டாம். மருந்து வேதியியலின் அன்றாடம் அமைடு பிணைப்பு, சுசூகி இணைப்பு, பாதுகாப்புத் தொகுதியை நீக்குதல் போன்ற சில வினைகளால்தான் நிரம்பியிருக்கிறது. அவற்றை ஒரே வாரத்தில் மூன்று செய்து, நிறப்பிரிகைக் குழாயில் (column) இட்டுப் பிரித்து, கட்டமைப்பைக் காட்டும் என்எம்ஆர் அளவீட்டைப் பார்த்துத் தூய்மையை நிரூபிக்கும் வேகம் வர வேண்டும். தூய்மை 95 சதவீதத்துக்குக் குறைந்த மாதிரியை உயிரியலாளரிடம் கொடுக்காதீர்கள். கலப்படம் காட்டிய விளைவைத் துரத்திக்கொண்டு ஓராண்டு போய்விடும்.

பாதுகாப்பைப் பற்றி ஒரு வரலாறு போதும். 1982-ல் கலிஃபோர்னியாவில் போதைக்காக முறைகேடாகத் தயாரிக்கப்பட்ட ஒரு பொருளைச் செலுத்திக்கொண்ட இளைஞர்கள் சில நாள்களிலேயே பார்க்கின்சன் நோயாளிகளைப் போல உறைந்துபோனார்கள். தயாரிப்பில் உருவான எம்பிடிபி என்ற துணை விளைபொருள் மூளைக்குள் போய், மாவோ-பி என்ற நொதியால் நச்சாக மாறி, டோபமைன் நரம்பணுக்களைக் கொன்றிருந்தது. அதற்கு அடுத்த ஆண்டு, அந்தப் பொருளோடு தொழில்முறையில் வேலை செய்த ஒரு வேதியியலாளருக்கே பார்க்கின்சன் வந்த செய்தி மருத்துவ இதழில் வெளியானது. மூளைக்குள் எளிதில் போகும்படி நீங்கள் வடிவமைக்கும் மூலக்கூறு, உங்கள் மூளையையும் நோயாளியின் மூளையையும் வேறுபடுத்திப் பார்க்காது. கையுறையும் நச்சுக் காற்றை வெளியேற்றும் ஃப்யூம் ஹூடும் இல்லாமல் எடை போடும் பழக்கம் எந்த ஆய்வகத்தில் இருந்தாலும், அங்கே புதியவராக இருந்தாலும், நீங்கள் மறுத்துவிடலாம்.

மூன்றாம் ஆண்டுக்குள் இரண்டு மாதமாவது உயிரியல் ஆய்வகத்தில் உட்காருங்கள். ஊருக்கு அருகிலேயே இருப்பவர்களுக்கு, காலாப்பட்டு வளாகத்தின் உயிரியல் துறைகளும் கோரிமேட்டில் உள்ள ஜிப்மரின் மருந்தியல், நரம்பியல் துறைகளும் நடத்தும் கருத்தரங்குகள் ஒரு வாசல். அங்கே போய் ஒரு மருந்தளவு–விளைவு வளைகோட்டை உங்கள் கையாலேயே வரையுங்கள். ஐ.சி. 50 என்ற எண், அதாவது செயலைப் பாதியாகக் குறைக்கத் தேவையான மருந்துச் செறிவு, சோதனையின் நிலைமைகளைப் பொறுத்து மாறும், அதனால் இரண்டு ஆய்வகங்களின் எண்களை அப்படியே ஒப்பிடக் கூடாது என்பது அந்த ஒரு நாளில் புரிந்துவிடும். விலங்குச் சோதனைகள் நிறுவன விலங்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதலோடுதான் நடக்கும் என்பதையும், உயிரியலாளர் ஏன் உங்கள் ஆறு மூலக்கூறுகளில் ஒன்றை மட்டும் கேட்கிறார் என்பதையும் அங்கேதான் உணர்வீர்கள்.

எண்களைத் தெரிந்துகொண்ட பின்னும் அடக்கம் தேவை என்பதற்கு பிரிகாபலின் சாட்சி. அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் சில்வர்மனின் ஆய்வகம், மூளையின் காபா என்ற கடத்தியோடு தொடர்புள்ள நொதிகளை நோக்கிச் செய்த மூலக்கூறுகளில் ஒன்று அது. வலிப்பையும் நரம்பு வலியையும் அது குறைத்தது உண்மை; ஆனால் முதலில் எண்ணிய வழியில் அன்று, கால்சியம் வாயிலின் ஒரு துணை அலகைப் பற்றிக்கொண்டு. எதிர்த் திசையில் ஓர் எடுத்துக்காட்டு வெருபெசெஸ்டாட். அல்சைமருக்காக எண்ணிய நொதியை அது மூளைக்குள்ளேயே நன்றாகத் தடுத்தது, அந்நோயில் மூளையில் படியும் அமிலாய்டின் உற்பத்தியும் குறைந்தது. நோயாளிகளுக்குப் பயன் கிட்டாமல் அதன் பெரிய சோதனைகள் 2017, 2018-ல் நிறுத்தப்பட்டன. வேதியியலாளர் தன் பங்கைக் குறையின்றிச் செய்தும் மருந்து பிறக்காமல் போகும் துறை இது என்பதை ஏற்க முடியாதவர்கள் வேறு துறைக்குப் போவதில் எந்த இழுக்கும் இல்லை.

வேலை

பட்டத்துக்குப் பின் பலரும் போவது பெங்களூர், ஐதராபாத் நகரங்களின் ஒப்பந்த ஆய்வு நிறுவனங்களுக்கு. அங்கே வெளிநாட்டு நிறுவனம் வரைந்து அனுப்பிய மூலக்கூறைச் செய்து கொடுப்பதுதான் தொடக்க வேலை. ஊதியம் ஒழுங்காக வரும், கை கூர்மையாகும். ஆனால் மூன்று ஆண்டுகளுக்கு மேல் கைகளாக மட்டும் இருந்துவிட்டால் வெளியே வருவது கடினம். சொந்தமாக மூளை மருந்துகளைக் கண்டுபிடிக்க முயலும் இந்திய நிறுவனங்கள் மிகச் சில. ஐதராபாத்தின் சுவென் அவற்றில் ஒன்று. முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வுக்கு வெளிநாடு போக விரும்புபவர், வெறும் தொகுப்பு ஆய்வகத்தைத் தவிர்த்து, பெட் ஸ்கேனுக்கான கதிரியக்க மூலக்கூறுகளைச் செய்யும் குழுக்களையும் பாருங்கள். ஃப்ளூரின்-18-இன் அரை ஆயுள் 110 நிமிடம்தான். அதற்குள் வினையை முடித்து, பிரித்து, உயிருள்ள மூளையில் மருந்து எங்கே போகிறது என்று பார்த்துவிட வேண்டும். அந்த அனுபவம் உள்ள வேதியியலாளர்கள் இந்தியாவில் குறைவு.

எந்த வேலையில் இருந்தாலும் ஒரு தனிக் குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். நிறுவனத்தின் ரகசியக் கட்டமைப்புகளை அதில் எழுதக் கூடாது. வெளியான கட்டுரைகளிலும் காப்புரிமைகளிலும் உள்ள மூலக்கூறுகளை மட்டும் எழுதலாம். வாரம் ஒரு கட்டுரையை எடுத்து, முடிவுகளின் அட்டவணையைத் தாளால் மறைத்துக்கொண்டு, கட்டமைப்புகளை மட்டும் பார்த்து எது வலுவாகச் செயல்படும், எது மூளைக்குள் போகாது, எதை நீங்கள் செய்யாமலே விட்டிருப்பீர்கள் என்று எழுதிவிட்டுத் தாளை நீக்குங்கள். முதல் ஆறு மாதம் பாதிக்கு மேல் தவறாகத்தான் இருக்கும். 2025 ஜனவரியில் தொடங்கிய ஒரே நாடு ஒரே சந்தா திட்டத்தால், அரசு உயர்கல்வி நிறுவனங்களின் மாணவர்கள் முன்னணி இதழ்களைக் கட்டணமின்றிப் படிக்கலாம். எனவே கட்டுரை கிடைக்கவில்லை என்ற என் தலைமுறையின் சாக்கு இனி அரசுக் கல்லூரி மாணவருக்கு இல்லை.

அந்தக் குறிப்பேடு நேர்முகத் தேர்வில் உதவும். நல்ல குழுவின் தலைவர், நீங்கள் செய்த பதினெட்டுப் படித் தொகுப்பைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, எந்த மூலக்கூறைச் செய்யாமல் விட்டீர்கள், ஏன் என்று கேட்பார். நெறியாளர் சொன்னார் என்ற விடையோடு அந்த உரையாடல் முடிந்துவிடும். இந்த அமைடில் இரண்டு கொடுப்பான்கள் கூடுகின்றன, முனைவுப் பரப்பு 110-ஐத் தொடுகிறது, இதன் நெருங்கிய உறவு மூலக்கூறை வெளியேற்றும் புரதம் பிடிக்கிறது என்று எங்கள் தரவே காட்டியது, அதனால் அந்த இரண்டு வாரத்தை வளையத்தை மாற்றிப் பார்ப்பதில் செலவிட்டேன் என்று சொல்ல முடிந்தால், அவர் வெள்ளைப் பலகையின் பேனாவை எடுத்து உங்கள் கையில் கொடுப்பார்.